ஒரு ஜோடி செருப்புக்குப் பத்து ஜோடி டோக்கன்: ஹார்ட்பிளீட் கதை

(காட்சி: கோயில் வாசல், செருப்பு விடும் இடம்)

கோயிலுக்குப் போகிறீர்கள். வாசலில் ஒரு ஜோடி செருப்பை விட்டுவிட்டு, "பத்து ஜோடி" என்கிறீர்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர் எண்ணிப் பார்க்காமல் டோக்கனில் பத்து என்று எழுதுகிறார். சாமி கும்பிட்டுத் திரும்பி வந்து டோக்கனை நீட்டினால், உங்கள் செருப்போடு பக்கத்தில் கிடக்கும் ஒன்பது ஜோடியையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்.

எந்தக் கோயிலிலும் இப்படி நடக்காது. ஆனால் பாதுகாப்புக்கென்றே எழுதப்பட்ட ஒரு நிரல், இரண்டு வருடத்துக்கும் மேலாக இதைத்தான் செய்துகொண்டிருந்தது. அந்த ஓட்டைக்கு வைத்த பெயர்தான் ஹார்ட்பிளீட்.

(காட்சி: பிரவுசரில் பூட்டுப் படம்)

பிரவுசரில் தெரியும் இந்தப் பூட்டுக்குப் பின்னால் வேலை பார்க்கும் நிரல்களில் முக்கியமானது ஓப்பன்எஸ்எஸ்எல். 2012 மார்ச்சில் வந்த அதன் 1.0.1 பதிப்பில் 'ஹார்ட்பீட்' என்று ஒரு புது வசதி சேர்ந்தது. இணைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று நாடி பிடித்துப் பார்ப்பதுதான் அதன் வேலை. ஒரு பக்கம் சின்னச் செய்தி ஒன்றை அனுப்பி, அதன் நீளத்தையும் சொல்லும். மறுபக்கம் அதையே திருப்பி அனுப்ப வேண்டும்.

(திரையில்: "வணக்கம்", நீளம் 5)

சரி, 'வணக்கம்' போனது, 'வணக்கம்' வந்தது. இப்போது நீளத்தை மட்டும் மாற்றுவோம்.

(திரையில்: "வணக்கம்", நீளம் 65,535)

சர்வர் 'வணக்கம்' இருக்கும் இடத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறது. செய்தி முடிந்த பிறகும் நிற்காமல், மெமரியில் அதை ஒட்டிக் கிடப்பதை எல்லாம் அள்ளுகிறது. சி மொழியில் எழுதிய நிரல் அது. "எல்லை தாண்டிவிட்டாய்" என்று அந்த மொழி தானாகத் தடுக்காது. யாரோ சற்றுமுன் அடித்த பாஸ்வேர்டு, இன்னொருவரை உள்ளே நுழைந்தவராக அடையாளம் காட்டும் குக்கீ, எது கிடந்தாலும் வரும். ஒரு தடவைக்கு 64 கேபி வரை. திரும்பத் திரும்பக் கேட்கலாம், ஒவ்வொரு முறையும் வேறு ஏதாவது சிக்கும்.

செருப்பு காணாமல் போனால் உரியவர் சத்தம் போடுவார். இங்கே போனது நகல், அசல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. சர்வரின் வழக்கமான பதிவேட்டிலும் தடயம் இல்லை. எனக்கு இந்தக் கதையில் வயிற்றைக் கலக்கும் இடம் இதுதான்.

2014 ஏப்ரல் 7 அன்று விஷயம் வெளியே வந்தது. கூகுளின் நீல் மேத்தாவும், ஃபின்லாந்தின் கோடெனோமிகான் நிறுவனத்தாரும் தனித்தனியாகக் கண்டுபிடித்திருந்தார்கள். அடுத்த சில நாட்களில் கனடாவின் வரித்துறையிலிருந்து சுமார் 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்கள் திருடு போயின. அதுவும் வரிக்கணக்கு தாக்கல் செய்யும் பருவத்தில்.

(திரையில்: 1 + 2 + செய்தி + 16)

திருத்தம் எவ்வளவு பெரியது என்கிறீர்கள்? சாரமாக ஒரு கூட்டல், ஒரு ஒப்பீடு. செய்தியின் வகைக்கு 1 பைட், நீளத்துக்கு 2, சொல்லப்பட்ட நீளம், கடைசியில் இடத்தை நிரப்ப மட்டும் சேர்க்கும் பைட்டுகள் 16. கூட்டினால் உண்மையில் வந்து சேர்ந்ததைவிட அதிகமா? அப்படியானால் பதிலே சொல்லாமல் தூக்கிப்போடு.

வேடிக்கை என்னவென்றால், ஹார்ட்பீட்டுக்கான விதிநூலிலேயே இது எழுதியிருக்கிறது: நீளம் பொருந்தாத செய்தியைச் சத்தமில்லாமல் நிராகரிக்க வேண்டும் என்று. விதியை எழுதியவர்களில் ஒருவர்தான் நிரலையும் எழுதினார். சரிபார்த்தவர் கண்ணுக்கும் தப்பியது. அவர்களைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. உலகமே நம்பியிருந்த அந்த நிரலைச் சொற்ப நன்கொடையை வைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் பராமரித்து வந்தார்கள்.

(காட்சி: சாவிக் கொத்து)

ஓட்டையை அடைத்தால் முடிந்ததா? இல்லை. சர்வரின் ரகசியச் சாவியே கசிந்திருக்கலாம். "அது நடக்குமா, எடுத்துக் காட்டுங்கள்" என்று கிளவுட்ஃபிளேர் என்ற இணையச் சேவை நிறுவனம் ஒரு சர்வரை வேண்டுமென்றே திறந்து வைத்துச் சவால் விட்டது. அன்றைக்கே எடுத்துக் காட்டிவிட்டார்கள்.

அதனால் தளத்தை நடத்துபவர்கள் முதலில் ஓட்டை அடைத்த 1.0.1ஜி பதிப்புக்கு மாற வேண்டியிருந்தது, அப்புறம் புதுச் சாவியும் தளத்தின் அடையாளச் சான்றிதழும், அதற்குப் பிறகுதான் பயனர்களின் பாஸ்வேர்டு. செய்தியைக் கேட்டவுடன் பதறிப்போய்ப் பாஸ்வேர்டை மாற்றியவர்கள் உண்டு. அந்தத் தளம் இன்னும் ஓட்டையை அடைக்கவில்லை என்றால், அவர்களுடைய புத்தம்புதிய பாஸ்வேர்டும் அதே மெமரியில்தான் போய் உட்கார்ந்திருக்கும்.