பகலில் தூங்குகிறவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். அரசு மருத்துவமனை ஒன்றில் 31 ஆண்டுகள் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எத்தனை நைட் டியூட்டி பார்த்தேன் என்று கணக்கு வைத்ததில்லை. ஆனால் விடியற்காலை நாலு மணியை மட்டும் உடம்பு இன்னும் மறக்கவில்லை.

அந்த நேரத்தில் உடம்புச் சூடு இறங்கிவிடும். வார்டில் எல்லோரும் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள், நமக்குக் கை குளிரும். ஒருநாள் ஒரு நோயாளிக்கு இன்சுலின் அளவை மாற்ற வேண்டியிருந்தது. கேஸ் ஷீட்டில் ஒரே வரியை மூன்று தடவை படித்தும் எத்தனை யூனிட் என்று மனதில் ஏறவில்லை. பக்கத்து வார்டு சிஸ்டரைக் கூப்பிட்டு வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். அப்புறம்தான் மருந்தைத் தொட்டேன்.

இதை அசட்டை என்று சொல்லாதீர்கள். நம் மூளைக்குள் ஒரு கடிகாரம் வெளிச்சத்தை வைத்து ஓடுகிறது. இருட்டினால் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரந்து தூக்கத்துக்கு வழிவிடும். நாங்களோ அந்நேரம் டியூப்லைட்டுக்குக் கீழே நிற்கிறோம். காலையில் வீடு திரும்பும்போது வெயில் முகத்தில் அடித்து, வருகிற தூக்கத்தையும் கலைத்துவிடும். இந்தக் கடிகாரம் உயிரணுவுக்குள் இயங்கும் விதத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, உடல் கடிகாரத்தைக் குலைக்கும் ஷிப்ட் வேலையை 2007-இல் 'புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை' வரிசையில் சேர்த்தது. 2019-இல் மறுபடி அலசி, இரவுப் பணியை அதே வரிசையில்தான் வைத்தது. நைட் பார்க்கும் எல்லோருக்கும் புற்றுநோய் வரும் என்று இதற்குப் பொருள் இல்லை, பயப்பட வேண்டாம். சர்க்கரை, வயிற்றுப் புண், தள்ளிப்போகிற மாதவிலக்கு, இவைதான் நான் கூட இருந்தவர்களிடம் அதிகம் பார்த்தவை.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். நைட் முடித்து வந்தால் பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும், சமைக்க வேண்டும். படுக்கும்போது பதினொன்று ஆகிவிடும். காய்கறி வண்டி, கேஸ்காரர், "பகல் முழுக்க வீட்டில்தானே இருக்கிறாய்" என்று கேட்கிற உறவுகள். மூன்றரைக்கு ஸ்கூல் வேன் வந்துவிடும். அதை எப்படித் தூக்கம் என்பது?

பணிப்பட்டியல் போடுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். காலை, மதியம், இரவு என்று முன்னோக்கி மாற்றிப் போடுங்கள். உடம்பு கொஞ்சமாவது பழகும். நைட் முடித்தவரை மறுநாளே காலை ஷிப்டுக்குக் கூப்பிடாதீர்கள்.

என் மகள் ஏழாம் வகுப்பு படித்தபோது அட்டையில் "அம்மா தூங்குகிறார்கள், மணி அடிக்காதீர்கள்" என்று எழுதி வாசலில் தொங்கவிட்டாள். அன்றைக்குத்தான் ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினேன்.