குட்டி வேறு வீட்டுக்குப் போன பிறகு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நாய்களை இணை சேர்த்து, குட்டிகளை வளர்த்து, நல்லவர்கள் கையில் ஒப்படைப்பது என் வேலை. இந்த வேலை செய்பவரை பிரீடர் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

குட்டியைக் கொடுத்தாகிவிட்டது, இனி நம் பொறுப்பு இல்லை என்று நினைக்கும் பிரீடர்கள் இருக்கிறார்கள். வாங்கிப் போனவர்களும், சும்மா சும்மா போன் செய்தால் தொந்தரவாக இருக்குமோ என்று தயங்கி, அப்படியே தொடர்பை விட்டுவிடுகிறார்கள். இதைத்தான் இன்று பேச வந்தேன். குட்டி போன வீட்டோடு தொடர்பு வைத்திருப்பதும் பிரீடரின் வேலைதான். அதைச் செய்யாதவருக்குத் தான் எப்படிப்பட்ட நாய்களை உருவாக்குகிறோம் என்பதே தெரியாது.

குட்டி எங்களிடம் இருப்பது ஏறக்குறைய எட்டு வாரம். தினமும் எடை பார்க்கிறோம், குடற்புழு மருந்து கொடுக்கிறோம், முதல் தடுப்பூசி போடுகிறோம். ஆனால் அந்த நாயின் உடம்பில் என்ன இருக்கிறது என்பது எட்டு வாரத்தில் தெரியாது. காரணம் தெரியாத வலிப்பு நோய் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் ஆறு வயதுக்கும் இடையில்தான் தலைகாட்டும். இடுப்பு மூட்டு சரியாக இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்து இறுதிச் சான்று தர, அமெரிக்காவின் ஓ.எஃப்.ஏ. (விலங்குகளுக்கான எலும்பியல் அறக்கட்டளை) அமைப்பு நாய்க்கு 24 மாதம் நிறைய வேண்டும் என்கிறது. டாபர்மேன் இனத்தில் இதயத் தசை பலவீனமாகும் நோய் பெரும்பாலும் நடு வயதில்தான் வெளியே தெரியும். ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற இனங்களில் பின்னங்கால்கள் மெல்ல மெல்லச் செயலிழக்கும் நோய் எட்டு வயதுக்கு மேல்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கும். அதற்குள் அந்தத் தாய் இன்னும் இரண்டு மூன்று ஈற்று ஈன்று முடித்திருக்கும். குட்டி வாங்கியவர் சொன்னால்தான் பிரீடருக்குத் தெரியும். வேறு வழியே இல்லை.

ஒரு நாள் போன் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வயது நாய். "ராத்திரி தூக்கத்திலேயே கால்களை உதைத்துக்கொண்டது, வாயில் நுரை வந்தது, எழுந்த பிறகு எங்களையே அடையாளம் தெரியாத மாதிரி பார்த்தது" என்கிறார் அந்த அம்மா. பொறுப்பான பிரீடர் முதலில் கேட்பது, எத்தனை நிமிடம் நீடித்தது, மறுபடி வந்ததா என்பதைத்தான். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனாலோ, ஒன்றன்பின் ஒன்றாக வந்தாலோ உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இல்லாவிட்டாலும் மருத்துவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அடுத்த முறை வந்தால் மருத்துவரிடம் காட்ட ஒரு வீடியோ எடுத்து வையுங்கள் என்றும் சொல்ல வேண்டும்.

அப்புறம்தான் கடினமான வேலை. அதே ஈற்றில் பிறந்த மற்ற குட்டிகள் போன வீடுகளுக்கு ஒவ்வொன்றாக போன் போட்டு, இப்படி ஒரு செய்தி வந்திருக்கிறது, உங்கள் நாய்க்கு ஏதாவது உண்டா என்று கேட்க வேண்டும். நிம்மதியாக இருப்பவர்களுக்குக் கவலையைக் கொடுக்கிறோமே என்று மனசு கனக்கும். கேட்டுத்தான் ஆக வேண்டும். பதில் தெளிவாகும்வரை அந்தத் தாயையும் தகப்பனையும் மறுபடி இணை சேர்க்கக் கூடாது.

"வேறு யாருமே இப்படிச் சொல்லவில்லையே" என்று சில பிரீடர்கள் பதில் சொல்வார்கள். எனக்குக் கோபம் வரும் பதில் அதுதான். யாரிடமும் கேட்காதவரிடம் யாரும் எப்படிச் சொல்லியிருப்பார்கள்? மறுபடி போன் செய்ய அந்த அம்மாவுக்கு மனசு வருமா?

நோய் இருக்கிறது என்பதால் பெற்ற நாய்களோ பிரீடரோ கெட்டுப்போய்விட்டதாக அர்த்தம் இல்லை. சில பரம்பரை நோய்களில் தாய், தகப்பன் இரண்டுமே ஆரோக்கியமாக இருக்கும். ஆளுக்கொரு குறைபட்ட மரபணுவைச் சுமந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்ட ஜோடிக்குப் பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, நோய் இல்லாமல் அந்த மரபணுவை மட்டும் சுமக்கப் பாதி வாய்ப்பு. மரபணுச் சோதனை இருக்கும் நோய் என்றால் கூடப்பிறந்தவைகளைச் சோதித்துவிடலாம். ஆழமான மார்புள்ள பெரிய இனங்களில் வயிறு உப்பி முறுக்கிக்கொள்வது இன்னொரு ஆபத்து. சில மணி நேரத்தில் உயிரைக் கொண்டுபோய்விடும். பெற்றதுக்கோ கூடப்பிறந்ததுக்கோ அது வந்திருந்தால் இந்த நாய்க்கும் ஆபத்து கூடுதல். இந்தத் தகவல் போய்ச் சேர்ந்த வீட்டில், நாய் வாந்தி வராமல் ஓங்கரித்துக்கொண்டு வயிறு வீங்கி நின்றால் விடியட்டும் என்று காத்திருக்க மாட்டார்கள்.

முதல் வாரத்துப் பேச்சு எளிதாகவே நடக்கும். குட்டி ராத்திரி முழுக்க அழுகிறது, என்ன செய்வது என்று அவர்களே கூப்பிடுவார்கள். படுக்கையை உங்கள் பக்கத்தில் போடுங்கள், தாயின் வாசனையோடு கொடுத்த துணியை உடனே துவைத்துவிடாதீர்கள், பழகின உணவையே சில நாள் கொடுங்கள் என்று சொன்னால் போதும். தடுப்பூசியை மட்டும் நினைவுபடுத்திக்கொண்டே இருக்க வேண்டும். தாயிடமிருந்து கிடைத்த எதிர்ப்பு சக்தி ஊசி மருந்தைச் செயல்பட விடாமல் தடுக்கலாம் என்பதால்தான் 16 வாரம் வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஒரு ஊசி போட்டாயிற்றே என்று விட்டுவிட்டால், குட்டியின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் நோய் வந்துவிடலாம்.

ஆறாவது மாதத்துக்கு மேல் போன் குறையும். உண்மையில் அப்போதுதான் பேச்சு தேவை. நாய்க்கு விடலைப் பருவம். கூப்பிட்டால் வராது, கண்டதைக் கடிக்கும், சில நாய்கள் புதிதாக உறுமவும் ஆரம்பிக்கும். வீட்டுக்காரர்களுக்குச் சலிப்பு வருவதும், வெளியே சொல்லக் கூச்சப்படுவதும் இந்தக் காலத்தில்தான். ஆகவே பிரீடர்தான் முதலில் கூப்பிட வேண்டும். அதிலும், "நல்லா இருக்கா?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். சாப்பிடும்போது பக்கத்தில் போனால் என்ன செய்கிறது? மாடிப்படி ஏறத் தயங்குகிறதா? ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்து முயல் மாதிரி தாவுகிறதா? இப்படிக் கேட்டுப் பாருங்கள். அந்தத் தாவலைப் பார்த்து வீட்டில் சிரித்துக்கொண்டிருப்பார்கள். இடுப்பு மூட்டுக் கோளாறுக்கு அது ஒரு அறிகுறியாக இருக்கலாம் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

அதற்காக ஒவ்வொரு வேளையும் என்ன போட்டீர்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கக் கூடாது. அது இனி அவர்கள் நாய். சிகிச்சை சொல்வது மருத்துவரின் வேலை.

ஒன்றை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எந்த வயதிலும், எந்தக் காரணத்துக்காகவும், வளர்க்க முடியாமல் போனால் நாய் பிரீடரிடமே திரும்பி வர வேண்டும். இதை ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டில் நோய், வேலை போய்விட்டது, விவாகரத்து, எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். கொண்டு வருபவரிடம் குற்றம் கண்டுபிடிக்கக் கூடாது. திட்டு விழும் என்று பயந்தால் அவர் நாயைத் தெரியாத கையில் கொடுத்துவிடுவார், அல்லது தெருவில் விட்டுவிடுவார். எத்தனை நாய்களைத் திரும்ப வாங்கி வைத்துக்கொள்ள இடமும் தெம்பும் இருக்கிறது என்று பார்த்துத்தான் ஒரு பிரீடர் எத்தனை ஈற்று எடுக்கலாம் என்று முடிவு செய்ய வேண்டும்.

குட்டி வாங்கப் போகிறவர்களே, பிரீடரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தத் தாயின் முந்தைய ஈற்றுக் குட்டிகள் இப்போது எப்படி இருக்கின்றன?" ஒன்றுக்குத் தோல் அலர்ஜி, ஒன்றுக்குப் போன வருடம் கால் அறுவை சிகிச்சை, மற்றவை சுகம் என்று சொல்பவரை நம்பலாம். எல்லாமே பிரமாதம் என்று ஒரே வார்த்தையில் முடிப்பவரிடம் கொஞ்சம் யோசியுங்கள்.

ஏற்கெனவே வாங்கி வளர்ப்பவர்கள், நாய்க்கு மருத்துவர் எழுதித் தரும் எக்ஸ்ரே முடிவு, ரத்தப் பரிசோதனை எதுவானாலும் பிரீடருக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். வீடு மாறினால், போன் எண் மாறினால் அவருக்கும் சொல்லிவிட்டு, நாயின் தோலுக்கு அடியில் வைத்திருக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்பின் பதிவிலும் மாற்றிவிடுங்கள். நாய் காணாமல் போய் யாராவது ஸ்கேன் செய்தால், பதிவில் இருக்கும் எண்ணுக்குத்தான் அழைப்பார்கள். இரண்டாவது எண்ணாக பிரீடரின் எண்ணையும் சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.