நெருப்பு குளிரும் என்று நூறு சுருதிகள் சொன்னால்

அவைத்தலைவர் அவர்களே, பெரியோர்களே, நண்பர்களே,

சமய நூல்களில் வரும் கதைகள் எழுத்துக்கு எழுத்து நடந்தவைதாமா என்ற கேள்வியைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். கிரகணத்திலிருந்து தொடங்குவது எனக்கு வசதியாக இருக்கும்.

கி.பி. 499இல் எழுதிய ஆரியபட்டீயத்தில் ஆரியபட்டர் கிரகணத்தின் காரணத்தை ஒரே அடியில் சொல்லி முடித்துவிட்டார். சூரியனை மறைப்பது சந்திரன். சந்திரனை மறைப்பது பூமியின் பெரிய நிழல். சூரியனையும் சந்திரனையும் விழுங்கி உமிழும் இராகுவுக்கு அந்தக் கணக்கில் வேலையே இல்லை. அவருக்குப் பின் வந்த வராகமிகிரரும் கிரகணத்துக்கு இராகு காரணமல்லன் என்றே எழுதினார். அடுத்து வருபவர் பிரமகுப்தர். 628இல் நூல் எழுதிய அவர் சாதாரணமானவர் அல்லர். பூச்சியத்தை ஓர் எண்ணாகவே கொண்டு, அதைக் கூட்டவும் கழிக்கவும் விதி வகுத்தவர். பூமியின் நிழல் எத்தனை அகலம், அது எப்போது சந்திரனைத் தொடும், எப்போது விடும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவர் அந்த நூலிலேயே, இராகு காரணமல்லன் என்று சொல்லும் ஆரியபட்டர், வராகமிகிரர் முதலியோரை வேதத்துக்கும் ஸ்மிருதிக்கும் மாறாகப் பேசுகிறவர்கள் என்று கண்டிக்கிறார். இராகு இல்லையென்றால் கிரகண காலத்துக்கென்று விதித்த சடங்குகள் எல்லாம் பயனற்றுப் போய்விடுமே என்பது அவர் காட்டும் காரணங்களுள் ஒன்று. கண்டித்து முடித்த கையோடு, பூமியின் நிழலை வைத்தே கணக்குப் போடவும் செய்கிறார்.

1030ஆம் ஆண்டளவில் இந்தியாவைப் பற்றிப் பெருநூல் எழுதிய அல்பிரூனி, இந்த இடத்துக்கு வந்ததும் திகைத்து நின்றுவிடுகிறார். இவ்வளவு தெரிந்தவர் ஏன் இப்படி எழுதினார் என்று கடிந்துகொள்கிறார். பிறகு சற்று இரக்கத்தோடு, சாக்ரடீசுக்கு நேர்ந்த கதி தமக்கும் நேரலாம் என்ற அச்சம்தான் அவரை இப்படி எழுத வைத்திருக்கும் என்று ஊகிக்கிறார். அந்த ஊகம் சரியாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். என் மனத்தில் தைப்பது வேறொன்று. அறியாதவர் நம்புவது ஒரு நிலை. அறிந்தவர் தாம் அறிந்ததை ஒரு கையால் எழுதிக்கொண்டே மறு கையால் மூட வேண்டி வருவது முற்றிலும் வேறு நிலை. கதையை எழுத்துக்கு எழுத்து நம்பியே தீரவேண்டும் என்ற கட்டாயம் ஒரு சமூகத்தில் ஏற்படும்போது, அது முதலில் முடக்குவது இத்தகையவர்களைத்தான். பாமரரை அது அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை.

இந்தக் கட்டாயத்தைச் சமயங்கள் எல்லாம் தொடக்கம் முதலே விதித்து வந்திருக்கின்றன என்று சிலர் எண்ணுகிறார்கள். சமயங்களின் பெரிய உரைகாரர்கள் பலர் அப்படிச் செய்யவில்லை. பகவத்கீதையின் 18ஆம் அத்தியாயத்துக்கு உரை எழுதும்போது சங்கரர் சொல்கிறார்: நெருப்பு குளிர்ந்தது என்றோ, ஒளியில்லாதது என்றோ நூறு சுருதிகள், அதாவது வேத வாக்கியங்கள், சொன்னாலும் அவை பிரமாணம் ஆகமாட்டா. இதை வைத்துச் சங்கரரைப் பகுத்தறிவாளர் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. கண்ணுக்கும் அனுமானத்துக்கும் எட்டாத பொருளில் வேதமே முடிவான சான்று என்பது அவர் கொள்கை. ஆயினும் கண்ணுக்கு எட்டிய பொருளில் வேதத்துக்கும் ஓர் எல்லைக்கோடு உண்டு என்பதை அவர் தயங்காமல் கிழித்துக் காட்டினார். பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்துக்கு உரை எழுதிய கிறிஸ்தவ அறிஞர் அகஸ்தீன், வானத்தையும் பூமியையும் பற்றிப் பிறர் கணக்கிட்டு அறிந்த செய்திகளுக்கு மாறாக, பைபிளின் பெயரால் கிறிஸ்தவர்கள் உளறுவது பெரிய மானக்கேடு என்று எச்சரித்தார். 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் கொர்தோபாவில் வாழ்ந்த இஸ்லாமிய அறிஞர் இப்னு ருஷ்து, நிறுவப்பட்ட ஓர் உண்மையோடு திருநூலின் வெளிப்படைப் பொருள் முரண்படுமானால், அந்த இடத்துக்கு உட்பொருள் காண வேண்டும் என்று வாதாடினார். இவர்கள் மூவருமே ஆழ்ந்த நம்பிக்கையாளர்கள். ஆகவே ‘இது நடந்ததா?’ என்று கேட்பவரைச் சமயத்தின் பகைவர் என்று உடனே முத்திரை குத்துவது, அந்தந்தச் சமயத்தின் சொந்த வரலாற்றை அறியாத செயலாகும்.

கேட்பது என்றால் எப்படிக் கேட்பது? ஊழிவெள்ளக் கதையை எடுத்துக்கொள்வோம். ஆதியாகமத்தின்படி நாற்பது பகலும் நாற்பது இரவும் மழை பெய்தது. வானத்தின் கீழுள்ள உயர்ந்த மலைகள் எல்லாம் மூழ்கி, அவற்றுக்கு மேலே 15 முழம் நீர் நின்றது. எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 8,849 மீட்டர். அது வரை நீர் ஏற வேண்டுமானால், நாளொன்றுக்கு 221 மீட்டர், மணிக்கு ஒன்பது மீட்டருக்கு மேல், உலகம் முழுவதும் ஒரே சீராக ஏற வேண்டும். காற்று மண்டலத்தில் ஆவியாக இருக்கும் நீர் அவ்வளவும் ஒரே நேரத்தில் மழையாகக் கொட்டினாலும், பூமி முழுவதும் இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்குத்தான் நிற்கும். மழை மட்டுமா, ஆழத்தின் ஊற்றுகளும் திறந்தன என்று அந்த நூலே சொல்கிறதே என்று கேட்பீர்கள். சொல்கிறது, அதையும் சேர்த்துக்கொள்வோம். அப்போதும், இன்றைய கடல்கள் அனைத்திலும் உள்ள நீரைப் போல மூன்று மடங்குக்கு மேல் எங்கிருந்தோ வந்து, பிறகு எங்கேயோ போயிருக்க வேண்டும்.

பனியூழிக்குப் பின் கடல் உயர்ந்ததைத்தான் இந்தக் கதை நினைவு வைத்திருக்கிறது என்று அறிவியல் பூச்சுப் பூசுவோர் உண்டு. கடல் உயர்ந்தது உண்மை. ஏறத்தாழ 120 மீட்டர் உயர்ந்தது. ஆனால் அதற்குப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. சராசரியாகப் பார்த்தால் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர், வேகமாக உயர்ந்த காலங்களில் அதைப் போலச் சில மடங்கு. அதிலிருந்து தப்பிக்கப் பேழை வேண்டியதில்லை. குடிசையைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டால் போதும்.

இந்தக் கணக்கை இத்தோடு நிறுத்திவிட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்குவது எளிது. கதை எங்கிருந்து வந்தது, எப்படி மாறியது என்று பார்ப்பதுதான் சுவையான பகுதி. 1872ஆம் ஆண்டு டிசம்பரில், லண்டனில் கூடிய ஓர் அறிஞர் அவையில் ஜார்ஜ் ஸ்மித் என்பவர், நினிவே நகரத்து நூலகத்தில் கிடைத்த களிமண் பலகை ஒன்றைப் படித்துக் காட்டினார். மெசொப்பொத்தாமியாவின் பழைய கில்காமேஷ் காவியத்தின் பகுதி அது. தெய்வத்தின் எச்சரிக்கை, கப்பல், வெள்ளம், மலையில் தங்குதல், கரை தென்படுகிறதா என்று பறவைகளை விட்டுப் பார்த்தல் எல்லாமே அதில் இருந்தன. ஆதியாகமத்தில் பேழை கட்டித் தப்பிய நோவா காகத்தையும் புறாவையும் விட்டார்; இந்தப் பலகையில் புறா, தகைவிலான், காகம் என்று மூன்று பறவைகள். ஆற்றுவெள்ளம் அடிக்கடி ஊர்களை அடித்துச் சென்ற ஒரு நிலத்தில் பிறந்த கதை, வாய் மாறி, மொழி மாறி, தெய்வம் மாறிப் பயணம் செய்திருக்கிறது என்பது அன்று தெரிந்தது.

இந்தியாவில் அதே கதைக்கு மனு தலைவர். சதபத பிராமணம் என்ற வேதகால நூலில் மனு காலையில் கைகழுவும்போது ஒரு சின்ன மீன் அவர் கைக்குள் வந்துவிடுகிறது. ‘என்னைக் காப்பாற்று, நான் உன்னைக் காப்பாற்றுவேன், நாங்கள் சிறியவர்களாக இருக்கும் வரை மீனையே மீன் தின்கிறது’ என்கிறது. மனு அதைக் குடத்தில் வளர்க்கிறார், பிறகு குழியில், பிறகு கடலில் விடுகிறார். வெள்ளம் வரும்போது அந்த மீனின் கொம்பில் கப்பலைக் கட்டுகிறார். அது அவரை வடக்கு மலைக்கு இழுத்துச் செல்கிறது. அந்த மீன் எந்தக் கடவுள் என்று அந்த நூல் சொல்லவில்லை. மகாபாரதத்தின் வனபருவத்துக்கு வரும்போது மீன் தன்னைப் பிரமன் என்று அறிவிக்கிறது. பாகவதம் முதலிய புராணங்களில் அது திருமாலின் அவதாரமாகிவிடுகிறது. இக்கதை எழுத்துக்கு எழுத்து உண்மை என்று சொல்பவரிடம் நான் பணிவோடு கேட்பது இதுதான்: எந்த நூலின் எழுத்துக்கு?

அந்தச் சின்ன மீன் பேசும் பேச்சை இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும் உலகில், உள்ளங்கை நீரில் ஓர் உயிர் அடைக்கலம் கேட்கிறது. அந்த வேண்டுகோளின் வலிமைக்கு அது நடந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. மீன் எத்தனை முழம், கொம்பு எலும்பா தோலா என்று ஆராயப் புகுந்தவர் அந்தக் குரலைக் கேட்காமலேயே போய்விடுகிறார்.

இறைவன் நினைத்தால் எதுவும் முடியும், நீருக்கு அவனிடமா பஞ்சம் என்பது இதற்கு வழக்கமாக வரும் மறுமொழி. இதை மறுக்க யாராலும் முடியாது; அதுதான் இதன் குறையும். எதுவும் முடியும் என்றால் எல்லாச் சமயத்தாரின் எல்லா அற்புதங்களும் ஒரே நிலையில் நிற்கின்றன. ஆனால் அப்படி யாரும் அவற்றை ஒரே நிலையில் வைப்பதில்லை. தம் சமயத்துக் கதையைத் தொட்டால் சினம் கொள்பவர், அடுத்த சமயத்துக் கதையைப் பிய்த்து உதறும்போது எத்தனை கூர்மையான ஆராய்ச்சியாளராக மாறிவிடுகிறார் என்பதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். கேள்வி கேட்கும் கருவி அவரிடம் இல்லாமல் இல்லை. வெளியூருக்குப் போகும்போது மட்டும் எடுத்துச் செல்கிறார்.

இதில் கேள்வி கேட்கும் நம் கூட்டத்தாருக்கும் பங்கு உண்டு. நோவா 950 ஆண்டுகள் வாழ்ந்தார் என்றால் சிரிக்கிற நாம், தமிழ்ச் சங்கங்களைப் பற்றி இறையனார் களவியல் உரை சொல்வதை எப்படி எடுத்துக்கொள்கிறோம்? தலைச்சங்கம் 4,440 ஆண்டுகள், இடைச்சங்கம் 3,700, கடைச்சங்கம் 1,850 என்கிறது அந்த உரை. மூன்றுமே 37இன் மடங்குகள். முறையே 120, 100, 50 மடங்கு. வரலாறு இவ்வளவு அழகாக வகுபடுவதில்லை. இடைச்சங்கத்தை 59 பாண்டியர்கள் நடத்தினார்கள் என்றால், ஒவ்வொருவரும் சராசரியாக 62 ஆண்டுகளுக்கு மேல் அரியணையில் இருந்திருக்க வேண்டும். தலைச்சங்கப் புலவர் வரிசையில் சிவபெருமானும் முருகனும் குபேரனும் அமர்ந்திருக்கிறார்கள். இந்த வரிசையிலிருந்து தெய்வங்களை மட்டும் மெல்ல எழுப்பி அனுப்பிவிட்டு, ஆண்டுக்கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு மேடையில் முழங்கும் பகுத்தறிவாளர்களைக் கேட்டிருக்கிறேன். சங்கப் பாடல்களின் பழமைக்குப் பாடல்களே சான்று. 37ஆம் வாய்பாடு துணைக்கு வரத் தேவையில்லை.

என் மீதும் ஒரு குற்றம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், இதே பொருளில் பேசிய ஒரு கூட்டத்தில், நாவுக்கரசரைக் கல்லில் கட்டிக் கடலில் போட்ட கதையை எடுத்துக்கொண்டேன். அவருடைய பாட்டையே சான்றாகக் காட்டினேன்:

கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும்
நற்றுணை யாவது நமச்சி வாயவே.

‘பாய்ச்சினும்’ என்றால் பாய்ச்சினாலும் என்று பொருள். நடந்ததாக இங்கே சொல்லவில்லை, நடந்தாலும் என்றுதான் சொல்கிறார். உறுதியைக் காட்ட எழுந்த ஓர் உம்மையைப் பின்வந்தவர்கள் நிகழ்ச்சியாக்கிவிட்டார்கள் என்று விளக்கினேன். இலக்கணம் என் பக்கம் இருந்ததால் குரலும் சற்று உயர்ந்திருக்கும். வலப்பக்கத்து வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். கோபப்படவில்லை. திருநீலக்குடிப் பதிகத்திலிருந்து ஒரு பாட்டை நிறுத்திச் சொன்னார்:

கல்லி னோடெனைப் பூட்டி அமண்கையர்
ஒல்லை நீர்புக நூக்கஎன் வாக்கினால்
நெல்லு நீள்வயல் நீலக் குடியரன்
நல்ல நாமம் நவிற்றி உய்ந்தேனன்றே.

‘இது யார் பாட்டு ஐயா? இதில் உம்மை எங்கே இருக்கிறது?’ என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார். இதுவும் நாவுக்கரசர் பாட்டுத்தான். ‘எனைப் பூட்டி’ என்கிறார், ‘உய்ந்தேன்’ என்கிறார். தனக்கு நேர்ந்ததாகவே சொல்கிறார். எனக்குச் சாதகமான பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மேடை ஏறியிருந்தேன். அவையில் அதை ஒப்புக்கொண்டேன்.

வீட்டுக்குப் போய் இரண்டு பாடல்களையும் அருகருகே வைத்துப் பலமுறை படித்தேன். நீலக்குடிப் பாட்டில் கல் மிதந்ததாக இல்லை. அவர் உய்ந்தார் என்று மட்டுமே இருக்கிறது. எப்படி என்பதற்கு இறைவன் நாமத்தைச் சொன்னேன் என்பதே அவர் தரும் விடை. கல்லே தெப்பமாகி அவரைக் கரைசேர்த்த காட்சியை விரித்துச் சொல்வது, 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணம். ‘உய்ந்தேன்’ என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்கும் மிதக்கும் கல்லுக்கும் இடையே ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் இருக்கின்றன. கல் மிதந்தது என்பதை நான் இன்றும் ஏற்கவில்லை. ஆனால் ஓர் உம்மையிலிருந்து பிறந்த கதை என்று அன்று சொன்னதைத் திரும்பச் சொல்வதில்லை. இந்தச் சான்றை எடுக்க நேரும்போதெல்லாம், இப்போது செய்ததுபோல, இரண்டு பாடல்களையும் சேர்த்தே படிக்கிறேன். படித்து முடித்ததும் அவையின் வலப்பக்க வரிசையை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

வணக்கம்.