காரைக்குடிக்குக் கீழே 40 கிலோமீட்டரில் ஒரு கோடு! அது என்ன?

[திரையில்: உடைந்த ஆத்தங்குடி டைல், விளிம்பு பெரிதாக]

இந்த விளிம்பைப் பாருங்கள். மேலே மெல்லிசாகச் சிவப்பு, கீழே தடிமனாகச் சாம்பல், நடுவில் சுத்தமாக ஒரு கோடு. காரைக்குடியில் நீங்கள் எங்கே நின்றாலும் சரி, காலுக்கு நேர் கீழே சுமார் 40 கிலோமீட்டரில் இப்படி ஒரு கோடு இருக்கிறது. இதுவரை யாரும் துளை போட்டு அதைத் தாண்டியதில்லை. ஆனால் அந்தக் கோட்டை நோக்கிப் போகிற வழியில் வெந்த பாறை உங்கள் வீட்டுக் கான்கிரீட்டிலேயே இருக்கலாம். அதற்குத்தான் இந்த வீடியோ.

மேலோடு, மேன்டில், உள்ளே கரு. பள்ளியில் படித்ததுதான், தாண்டிப் போவோம்.

[திரையில்: நிலநடுக்கப் பதிவுத் தாள்]

1909 அக்டோபர் 8. குரோவேஷியாவில் ஸாக்ரெப் நகருக்குப் பக்கத்தில் நிலநடுக்கம். நிலநடுக்க ஆய்வாளர் ஆந்த்ரியா மொஹோரோவிச்சிச் பல ஊர்ப் பதிவுகளைச் சேகரித்துப் பார்க்கிறார். ஒரே நடுக்கம், ஆனால் தூரத்து ஊர்களில் முதன்மை அலை, அதாவது நடுக்கத்தில் முதலில் வந்து சேரும் அலை, இரண்டு முறை வந்திருக்கிறது. ஒன்று மேலோட்டிலேயே வந்தது. இன்னொன்று ஆழத்துக்கு இறங்கி, அங்கே வேகமெடுத்து ஓடி, மறுபடி மேலே ஏறி, முந்திக்கொண்டது! மேலோட்டில் நொடிக்கு 6, 7 கிலோமீட்டர். கோட்டுக்குக் கீழே 8 கிலோமீட்டர். அவர் கணக்கில் ஆழம் 54 கிலோமீட்டர் வந்தது. மேலோடு முடிந்து மேன்டில் தொடங்குகிற அந்தக் கோடுதான் மோஹோ எல்லை. கடலுக்கு அடியில் அது தரையிலிருந்து 5 முதல் 10 கிலோமீட்டரிலேயே வந்துவிடும். திபெத்தில் 70ஐத் தொடும்.

சரி, டைலுக்கு வருவோம். ஆத்தங்குடியில் கண்ணாடிமேல் அச்சை வைத்து, முதலில் வண்ணக் கலவையை ஊற்றுவார்கள். அதன்மேல் காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு ஈரக் கலவையை அப்பி அழுத்துவார்கள். சூளையே கிடையாது. காய்ந்து, தண்ணீரில் ஊறி எழும்போது இரண்டும் ஒரே கல்லாக ஒட்டிப்போகும். ஆனாலும் இது வேறு சரக்கு, அது வேறு சரக்கு. மோஹோவும் அப்படித்தான். மேலே சிலிக்கா கூடுதலான பாறை, கீழே ஒலிவின் என்ற பச்சைக் கனிமம் நிறைந்த பெரிடோடைட் பாறை.

இன்னும் கீழே 410, 660 கிலோமீட்டரிலும் எல்லைகள் உண்டு. அங்கே டைல் கதை செல்லாது. சரக்கு ஏறக்குறைய அதேதான். அழுத்தம் தாங்காமல் படிக அமைப்புதான் மாறுகிறது.

[திரையில்: கோலா, ரஷ்யா]

மேலோட்டுக்குள்ளேயும் அலையின் வேகம் மாறுகிற ஒரு எல்லை சொல்வார்கள், கான்ராட் எல்லை. மேலே கிரானைட், கீழே எரிமலைக் குழம்பு உறைந்தது போன்ற பசால்ட் பாறை என்று நம்பினார்கள். சோவியத் விஞ்ஞானிகள் 1970இல் கோலாவில் துளை போட ஆரம்பித்து 12,262 மீட்டர் வரை இறங்கினார்கள். பசால்ட் வர வேண்டிய சுமார் 7 கிலோமீட்டர் ஆழத்தில் வரவில்லை. அங்கேயும் கிரானைட்தான், ஆனால் விரிசல் விட்டு, தண்ணீர் ஊறி! அலையின் வேகம் மாறினால் பாறையும் மாறியிருக்க வேண்டும் என்பதில்லை. எனக்கு மோஹோவைவிட இந்த ஏமாற்றம்தான் பிடித்த கதை. கடைசியில் 180 டிகிரி சூடு துளையை நிறுத்தியது.

ஆனால் நமக்கு எதற்குத் துளை? ஆழம் தானாகவே மேலே வந்திருக்கிறது. பல்லாவரம் பக்கத்துக் கருங்கல்லை 1893இல் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 'சார்னோகைட்' என்றார். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோப் சார்னாக்கின் கல்லறைக் கல் அதே வகை, அதனால் அந்தப் பெயர். எண்ணெய் தடவியதுபோல் நீலம் பாய்ந்த கறுப்பு. உள்ளே ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் இருக்கிறது. 700, 800 டிகிரி சூட்டில், தண்ணீர் இல்லாத இடத்தில் உருவானது. இப்படிப்பட்ட பாறைகள் 20, 30 கிலோமீட்டர் ஆழத்தில் வெந்தவை. பல கோடி ஆண்டுகளாக மலைகள் உயர்ந்து, தேய்ந்து, உள்ளே இருந்தது வெளியே வந்துவிட்டது. தமிழ்நாட்டில் ஜல்லிக்கு உடைக்கிற கருங்கல்லில் நிறைய இதுதான்!

காரைக்குடியைச் சுற்றிச் செம்மண்ணும் செம்புராங்கல்லும் மூடியிருக்கும். மேற்கே சிவகங்கை, மதுரைப் பக்கம் போனால் இந்த ஆழத்துப் பாறைக் குடும்பம் வெளியே தெரியும். சிவகங்கைக் கிராஃபைட்டும் அதே குடும்பப் பாறைக்குள்தான் கிடக்கிறது.

உங்கள் ஊரில் கிணறு வெட்டும்போது எத்தனை அடியில் பாறை வந்தது, என்ன நிறம்? கமெண்ட்டில் எழுதுங்கள். கட்டட வேலை நடக்கிற இடத்தில் ஒரு ஜல்லியை எடுத்து, தண்ணீரில் கழுவி, வெயிலில் திருப்பிப் பாருங்கள். நீலம் மின்னினால் படம் எடுத்து அனுப்புங்கள், அடுத்த வீடியோவில் காட்டுகிறேன். சப்ஸ்க்ரைப் செய்ய மறக்காதீர்கள்.