தவணை நாளும் நம்முடைய இலக்குகளும்

வணக்கம் நேயர்களே.

ஒரு வங்கியின் கடன் பிரிவில் நீண்ட காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்பதால் இந்த நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நல்ல கடன் வரலாற்றை உருவாக்கிக் காப்பாற்ற ஒருவர் தனக்கென்று என்ன இலக்குகளை வைத்துக்கொள்ளலாம் என்று கதைக்கச் சொன்னார்கள். தலைப்பைக் கேட்டதும் சிலர் வானொலியை மாற்றப் பார்ப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள், வீட்டுக்குக் கூரை, கடைக்கு ஒரு பெரிய பிரிட்ஜ் என்று எப்போதாவது வங்கிப் படி ஏறவேண்டி வரும் எல்லோருக்குமான விஷயம் இது.

கொழும்பில் கடனைப் பற்றிப் பேச்செடுத்தால் ஐந்து நிமிடத்தில் 'கிரிப்' வந்துவிடும். "அவருக்குக் கிரிப்பில் பெயர் விழுந்துவிட்டது, இனி எங்கேயும் கடன் எடுக்க ஏலாது" என்பார்கள், ஏதோ பொலிசில் பெயர் விழுந்தது போல. கிரிப் என்பது இலங்கைக் கடன் தகவல் பணியகம். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. தெற்காசியாவில் இப்படியொரு பணியகம் முதலில் வந்தது நம் நாட்டில்தான். அங்கே கறுப்புப் பட்டியல் என்று ஒன்று கிடையாது. வங்கியிலோ நிதிக் கம்பனியிலோ கடன் எடுத்த எல்லோருடைய பெயரும் அங்கே இருக்கும், ஒழுங்காகக் கட்டுகிறவர் பெயரும்தான். எந்தக் கடன், மிச்சம் எவ்வளவு, எந்த மாதம் எத்தனை நாள் பிந்தியது என்ற விபரம் வங்கிகளிடமிருந்து அங்கே போகிறது. அதைப் பார்த்துக் கடன் கொடுப்பதா இல்லையா என்று முடிவெடுப்பது வங்கி. பணியகம் யாருக்கும் கடன் கொடுக்காதே என்று சொல்வதில்லை.

ஆகவே "எனக்குக் கிரிப்பில் ஒன்றுமே இல்லை" என்று பெருமைப்படுவதிலும் பெரிய பயன் கிடையாது. கொட்டாஞ்சேனைப் பக்கம் சீட்டுப் பிடிக்கும் ஒரு அக்காவை எனக்குத் தெரியும். அந்தத் தெருவில் அவருடைய வாக்குக்கு மறுவாக்கு இல்லை. யாராவது கட்டாமல் விட்டால் தன் கைக்காசைப் போட்டாவது சீட்டு எடுத்தவருக்குச் சொன்ன நாளில் கொடுத்துவிடுவார். அவர் இரண்டு தையல் மெஷின் வாங்கக் கடன் கேட்டுப் போனபோது, அதிகாரியின் திரையில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சீட்டும், கைமாற்றும், பலசரக்குக் கடைக் கொப்பியும், தனியார் அடகுக் கடைக்குக் கட்டிய வட்டியும் எந்த வங்கிக்கும் தெரியாது. நம்மவர்களில் நாணயமான மனிதர்கள் ஏராளம். அந்த நாணயம் தெரு முனையோடு நின்றுவிடுகிறது, அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவர்களுக்கு முதல் இலக்கு, அடுத்த ஒரு வருடத்துக்குள் ஒரு தடயத்தை உண்டாக்குவது. பெரிய கடன் தேவையில்லை. கையில் ஒரு நிலையான வைப்பு இருந்தால் அதைப் பிணையாக வைத்துச் சிறிய கடன் எடுக்கலாம், அதே வைப்பின் மேல் கடன் அட்டையும் சில வங்கிகள் தருகின்றன. அட்டையில் மாதம் ஒரு மருந்துச் சாமானோ மின்சாரக் கட்டணமோ போட்டு, பில் வந்ததும் முழுவதையும் கட்டிவிடுங்கள்.

அதோடு வருமானமும் கணக்கில் தெரியவேண்டும். வெள்ளவத்தையில் வாடகைக்கு இருக்கும் எத்தனையோ குடும்பங்களுக்கு கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் காசு வருகிறது. அது உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம் காசு மாற்றும் வழியில் வந்து, கையில் எண்ணி வாங்கிச் செலவாகிவிடுகிறது. பத்து வருடம் அப்படி வந்தாலும் வங்கியைப் பொறுத்தவரை அந்த வீட்டில் வருமானமே இல்லை. அதே காசு மாதாமாதம் சேமிப்புக் கணக்குக்கு வந்தால், ஒரு வருடக் கணக்கறிக்கையே உங்களுக்காகக் கதைக்கும். உண்டியல்காரர் இரண்டு ரூபா கூடத் தருகிறார் என்பது உண்மையாக இருக்கலாம். வீட்டுக் கடன் கேட்கும் நாளில் அந்த இரண்டு ரூபா உதவாது.

ஏற்கெனவே கடன் உள்ளவர்கள் என்ன இலக்கு வைக்கலாம்? பலர் தொகையைத்தான் இலக்காக வைக்கிறார்கள்: "இந்த வருடம் மூன்று லட்சத்தை அடைக்கவேண்டும்." நல்லதுதான். ஆனால் வங்கியின் கண் முதலில் போவது திகதிக்கு. ஐயாயிரம் ரூபாத் தவணை பத்து நாள் பிந்தினால் அதுவும் பிந்தியதுதான். 90 நாளைத் தாண்டினால் அந்தக் கடன் செயற்படாக் கடன் என்ற வகுப்புக்குப் போய்விடும், அதற்குப் பிறகு கதை வேறு. அதனால் என் யோசனை, திகதியை இலக்காக வையுங்கள். இந்த வருடம் ஒரு தவணைகூட ஒரு நாள்கூடப் பிந்தாது என்று. கேட்கச் சின்னதாக இருக்கும், செய்து பாருங்கள் தெரியும்.

இதற்கு மனவுறுதியை விட ஒழுங்குதான் வேண்டும். 25ஆம் திகதி சம்பளம் வருகிற ஒருவருக்கு 20ஆம் திகதி தவணை வைத்தால் மாதாமாதம் இழுபறிதான். கிளைக்குப் போய்த் தவணை நாளைச் சம்பளத்துக்குப் பிந்திய நாளாக மாற்றித் தரக் கேளுங்கள். பெரும்பாலும் செய்வார்கள், கேட்பவர்கள்தான் குறைவு. பிறகு கணக்கிலிருந்து தானாகவே கழிகிற மாதிரி நிலையான கட்டளை ஒன்று கொடுத்துவிடுங்கள். தீபாவளிக்கு முதல் மாதமும், பிள்ளைகளின் புதிய பாடசாலைத் தவணை தொடங்கும் மாதமும் கை கடிக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த இரண்டு மாதத் தவணையையும் முன்கூட்டியே கணக்கில் ஒதுக்கி வைத்தால் வருடத்தில் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

சரி, கடன் அட்டைக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் பார்க்கவேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் வழுக்குவது இங்கேதான்.

2020இல் மத்திய வங்கி அட்டை வட்டிக்கு 18 வீதம் என்று உச்ச எல்லை போட்டது. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி, மற்ற வட்டிகளுக்கெல்லாம் அடிப்படையான கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகள் உயர்த்தினார்கள். நான்கு நாள் கழித்து, 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக நாடே அறிவித்தது. அட்டைக்கு இருந்த உச்ச எல்லையும் அந்த மாதமே போய்விட்டது. பல வங்கிகளின் அட்டை வட்டி 36 வீதம் வரை ஏறியது. 18 வீதத்தில் வாங்கிய டிவிக்கு 36 வீதத்தில் வட்டி கட்டியவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். பிறகு இறங்கியது, ஆனாலும் மலிவான கடன் என்று சொல்லும் அளவுக்கு இறங்கவில்லை.

26 வீதம் என்றே வைத்துக்கொள்வோம். அட்டையில் 1 லட்சம் ரூபா நிலுவை. பில்லில் 'குறைந்தபட்சக் கொடுப்பனவு' என்று 5 வீதம், அதாவது ஏறத்தாழ 5,000 ரூபா போட்டிருப்பார்கள். அதை மட்டும் கட்டுகிறீர்கள். அந்த 5,000இல் 2,100 ரூபாவுக்கு மேல் வட்டிக்கே போய்விடும். புதிதாக ஒரு சாமானும் வாங்காமல், மாதாமாதம் அந்தக் குறைந்தபட்சத்தையே கட்டிவந்தால் நிலுவை பாதியாகக் குறைய ஏறத்தாழ இரண்டு வருடம் எடுக்கும். அதற்குள் நீங்கள் 85,000 ரூபாவுக்கு மேல் கட்டியிருப்பீர்கள், ஆனால் நிலுவையில் கழிந்தது 50,000தான். மாறாக, குறைந்தபட்சம் எவ்வளவு என்று பார்க்காமல் மாதம் 10,000 என்று நீங்களே முடிவெடுத்துக் கட்டினால் 12ஆவது மாதத்துக்குள் முழுக் கடனும் முடிந்துவிடும். வட்டியாகப் போவது 14,000 அளவுதான். குறைந்தபட்சத்தை மட்டும் கட்டுகிறவரும் திகதி தவறாதவர்தான், அவருடைய கிரிப் அறிக்கையில் கறை இல்லை. ஆனால் அட்டை எப்போதும் எல்லைவரை நிரம்பியிருப்பது அடுத்த கடன் கேட்கும்போது அதிகாரியின் கண்ணில் படும். எல்லை 2 லட்சம் என்றால் 60,000க்கு மேல் போகவிடமாட்டேன் என்று ஒரு கோடு கீறிக்கொள்வது என் சொந்தப் பழக்கம். அது சட்டமில்லை, உங்கள் கோட்டை நீங்கள் கீறலாம்.

இன்னொன்று, அவசரத்தில் ஒரே கிழமையில் நாலைந்து வங்கிக்கு விண்ணப்பம் போடாதீர்கள். ஒவ்வொரு வங்கியும் உங்கள் அறிக்கையைப் பார்த்த விபரமும் அதே அறிக்கையில் பதிவாகும்.

இனி, நான் அதிகம் சொல்ல விரும்பும் விஷயம்: பிணை.

கடன் பிரிவில் என் மேசைக்கு முன்னால் வந்திருந்து கலங்கியவர்களில் பலர் தங்கள் கடனைத் தவறாமல் கட்டியவர்கள். மச்சானுக்கோ, கூட வேலை செய்தவருக்கோ பிணை நின்றவர்கள். சம்பளக்காரர் தனிநபர் கடன் எடுக்க இரண்டு பேர் பிணை கேட்பது நம் நாட்டில் வழக்கம். கந்தோரில் ஒருவருக்கொருவர் மாறி மாறிக் கையெழுத்துப் போடுவார்கள். கடன்காரர் வேலையை விட்டு வெளிநாடு போனால் கடிதம் பிணையாளிக்கு வரும். அதற்கு முன்பே, நீங்கள் பிணை நிற்கும் கடன் உங்கள் அறிக்கையிலும் பிணை என்று இருக்கும். நீங்கள் வீடு கட்டக் கடன் கேட்கும்போது "இந்தப் பொறுப்பும் உங்களுக்கு இருக்கிறதே" என்று கேட்பார்கள்.

பிணையே நிற்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. நமக்கும் யாரோ ஒருவர் நின்றுதானே முதல் கடன் கிடைத்தது. ஆனால் இதற்கும் ஒரு இலக்கு இருக்கலாம். ஒரே நேரத்தில் ஒருவருக்குத்தான் பிணை. அதுவும், அவர் கட்டாமல் விட்டால் என்னால் கட்டக்கூடிய தொகைக்கு மட்டும். இதை முன்பே வீட்டில் சொல்லிவைத்துவிட்டால், யாராவது வந்து கேட்கும்போது முகத்துக்கு நேரே மறுக்கவேண்டிய சங்கடம் குறையும்: "அண்ணை, நான் ஏற்கெனவே ஒருவருக்கு நிற்கிறேன், அது முடியட்டும்." கையெழுத்துப் போட்டால் ஒப்பந்தத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டிய பற்றுச்சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். இதைச் சொன்னால் கோபித்துக்கொள்கிறவருக்குப் பிணை நிற்காமல் விடுவதே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

புறக்கோட்டையில் வியாபாரம் செய்யும் நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே பின்திகதியிட்ட காசோலை இல்லாமல் ஒரு மூட்டை வெங்காயம்கூட நகராது. கணக்கில் காசில்லாமல் திரும்பும் காசோலையும் பணியகத்தில் பதிவாகிறது. காசு இருக்காது என்று தெரிந்தே காசோலை கொடுப்பது கடன் அறவீட்டுச் சட்டப்படி குற்றமும்கூட. கொடுத்த காசோலைகளின் திகதிகளை ஒரு கொப்பியில் எழுதி, ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்தக் கிழமைக்குரியதைப் பாருங்கள். சரக்கு விற்றதும் வரும் என்று நம்பியிருக்கும் காசு வராவிட்டால், காசோலை வங்கிக்குப் போகும் முன் எதிர்த் தரப்பை அழைத்துச் சொல்லிவிடுங்கள். போடாமல் வைத்திருப்பார்கள்.

ஏற்கெனவே பிந்திப் போனவர்கள் என்ன செய்வது? வங்கியிலிருந்து வரும் அழைப்பை எடுக்காமல் விடுவதுதான் வழமை. எடுங்கள். 90 நாள் ஆகும் முன் போய், வேலை போனதற்கான கடிதமோ வைத்தியசாலைப் பத்திரமோ கையில் கொண்டுபோய், தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித்தரக் கேளுங்கள். தெருவில் வட்டிக்கு வாங்கி வங்கிக் கடனை அடைக்கும் யோசனை வேண்டாம். சரியான காரணமில்லாமல் உங்களை அலைக்கழித்தால், முதலில் அந்த வங்கியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் மத்திய வங்கியின் நிதிசார் வாடிக்கையாளர் தொடர்புகள் திணைக்களம் இருக்கிறது. தொலைபேசி இலக்கம் 1935.

கடைசியாக, இந்த வருடத்துக்குள் உங்கள் அறிக்கையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வங்கிக் கிளையூடாகக் கேட்கலாம், பணியகத்திடம் நேரடியாகவும் கேட்கலாம். முடித்த லீசிங் இன்னும் முடியாததாகக் காட்டுகிறதா, யாருக்கோ நின்ற பிணை இன்னும் தொங்குகிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். பிழை இருந்தால் பணியகத்துக்கு எழுதிக் கொடுக்கலாம், அவர்கள் அந்தக் கடனைக் கொடுத்த நிறுவனத்திடம் கேட்டுச் சரிபார்ப்பார்கள். அதனால் கடன் முடிந்தபோது தந்த கடிதத்தை எறிந்துவிடாதீர்கள். அப்புறம், போகும்போது அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள். பழைய ஒன்பது இலக்க அட்டையில் கடன் எடுத்துவிட்டு இப்போது பன்னிரண்டு இலக்க அட்டை வைத்திருப்பவர்கள் இரண்டு இலக்கங்களையும் எழுதிக் கொடுங்கள்.

நன்றி நேயர்களே, வணக்கம்.