ஒன்பதாம் மாதம் குழந்தையின் அசைவு குறைந்ததா? "இடம் இல்லை" என்று இருந்துவிடாதீர்கள்!

வணக்கம். "மாதம் நெருங்கிவிட்டது, வயிற்றில் இடம் இல்லை, அதனால்தான் பிள்ளை சும்மா இருக்கிறது." இந்தப் பேச்சைக் கேட்காத கர்ப்பிணி நம் வீடுகளில் உண்டா? சொல்பவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் அது தவறு. அதைத் திருத்தத்தான் இந்த வீடியோ.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோருக்கு 18 முதல் 20 வாரத்தில் அசைவு தெரிய ஆரம்பிக்கும். 32 வாரம் வரை கூடும், பிறகு ஏறக்குறைய அதே அளவில் நீடிக்கும். உதையாக இருந்தது புரளலாக, நெளிவாக மாறலாம், குறையக் கூடாது. தூங்குமே என்கிறீர்களா? தூங்கும், 20 முதல் 40 நிமிடம். அது 90 நிமிடத்தைத் தாண்டுவது அரிது.

பிறகு ஏன் குறைகிறது? என்னை மிகவும் நெகிழவைத்த இடம் இது. கோடையில் கிணற்று நீர் இறங்கிவிட்டால் விவசாயி என்ன செய்வார்? வாழைக்குப் பாய்ச்சுவதை நிறுத்துவார். வீட்டுக்குக் குடிக்கவும் மாட்டுக்குக் காட்டவும் மட்டும் இறைப்பார். நஞ்சுக்கொடி வழியாக வரும் ஆக்சிஜன் குறையும்போது குழந்தையும் அதையேதான் செய்கிறது. ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடுகிறது. கை கால் அசைக்கச் செலவாகும் ஆக்சிஜனை மிச்சம் பிடிக்கிறது. இன்னும் பெயர்கூட வைக்காத பிள்ளை, இவ்வளவு சிக்கனம்! அந்த மிச்சம் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை வீட்டில் இருந்துகொண்டு யாராலும் சொல்ல முடியாது. தாமதமானால், பிறந்தவுடன் மூச்சுவிடவே உதவி தேவைப்படும் நிலை வரலாம். குழந்தையை இழக்கவும் நேரலாம்.

எண்ணிக்கை வைத்துக் கண்டுபிடிக்கலாமா? 1970களில் வேல்ஸின் கார்டிஃப் நகரில், பத்து அசைவு வரும்வரை எண்ணிக் குறிக்க அட்டை கொடுத்தார்கள். 2018இல் வெளியான அஃபர்ம் ஆய்வு மிகப் பெரியது: பிரிட்டன், அயர்லாந்து மருத்துவமனைகளில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள். தாய்மாருக்கு விழிப்புணர்வும் மருத்துவமனைகளுக்கு ஒரே நடைமுறையும் கொடுத்தும், இறந்து பிறப்பது உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை, சிசேரியன் கூடியது. எல்லோருக்கும் பொதுவான மந்திர எண் எதுவும் இல்லை என்பதே என் கருத்து. சாப்பிட்ட பின் உதைக்கும் பிள்ளையா, இரவு படுத்ததும் புரளும் பிள்ளையா? உங்கள் பிள்ளையின் வழக்கம் உங்களுக்குத்தான் தெரியும். அது மாறினால் மருத்துவமனைக்குப் போங்கள்.

28 வாரத்துக்குப் பிறகு சந்தேகம் வந்தால் இடது பக்கம் சாய்ந்து படுத்து 2 மணி நேரம் கவனியுங்கள். தனித்தனியாக 10 அசைவு வராவிட்டால் உடனே கிளம்புங்கள். இந்த 10 தினமும் எண்ணுவதற்கான மந்திர எண் அல்ல, சந்தேகம் வந்த நேரத்துக்கு மட்டும். அசைவே இல்லை என்றால் அந்த 2 மணி நேரமும் காத்திருக்க வேண்டாம். இனிப்பு, குளிர்ந்த நீர் என்று சோதித்துக்கொண்டு இருக்காதீர்கள். குழந்தையின் இதயத்துடிப்பை வீட்டில் வைத்துக் கேட்கும் டாப்ளர் கருவியையும் நம்பாதீர்கள். அதில் கேட்பது உங்கள் நாடித்துடிப்பாகவே இருக்கலாம்.

மருத்துவமனையில் வயிற்றில் இரண்டு பட்டைகள் கட்டுவார்கள். சில இடங்களில் கையில் ஒரு பொத்தானும் தருவார்கள். அசைவு தெரியும்போதெல்லாம் அழுத்த வேண்டும். இயந்திரத்திலிருந்து காகிதம் நீண்டுகொண்டே வரும், அதில் குழந்தையின் இதயத்துடிப்பு கோடாக ஏறி இறங்கும். தேவைப்பட்டால் ஸ்கேன். ஒருமுறை அசைவு குறைந்து வருபவர்களில் 100க்கு 70 பேருக்குக் குறை ஒன்றும் இருக்காது. அவர்கள் வந்தது வீண் அல்ல. மறுநாளே மீண்டும் குறைந்தாலும் தயங்காமல் மீண்டும் போங்கள்.

இரவு 2 மணியா? வண்டி இல்லையென்றால் 108ஐ அழையுங்கள். "அசைவு குறைந்திருக்கிறது, கடைசியாக இத்தனை மணிக்கு உணர்ந்தேன்" என்று சொல்லுங்கள். இந்த வீடியோவைக் கர்ப்பிணிக்கு அனுப்பும்போது, "விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லக்கூடிய அவர் கணவருக்கும் மாமியாருக்கும் சேர்த்தே அனுப்புங்கள்.