பணம் வர வேண்டிய நாள்

திருப்பூரில் சிறுதொழில் நடத்துவோர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம் இது.

மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கும், முன்வரிசையில் இருக்கும் ஏற்றுமதியாளர்களுக்கும், பின்னால் சுவரோரம் நிற்கும், கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை செய்து கொடுக்கும் என் போன்ற ஜாப் ஒர்க்காரர்களுக்கும் வணக்கம்.

சனிக்கிழமை என்றால் திருப்பூரில் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சம்பள நாள். 2003ஆம் ஆண்டு, தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, இரவு எட்டு மணி. என் பவர்டேபிள் தையல் யூனிட்டில் இருபத்திரண்டு பேர் சம்பளத்துக்கும் போனஸுக்கும் காத்திருந்தார்கள். மறுநாள் பிள்ளைகளுக்குத் துணி எடுக்க எல்லோரும் கடைவீதிக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமை. நான் தைத்துக் கொடுத்த சரக்குக்கு ஒரு கம்பெனியிலிருந்து ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய் வர வேண்டும். சரக்கு போய் ஐந்து வாரம் ஆகிவிட்டது. "முதலாளி கையெழுத்துப் போடவில்லை, பண்டிகை முடிந்து வாருங்கள்" என்றார் அங்கிருந்த கணக்காளர். ஓவர்லாக் தையல் மெஷினில் ஒன்றரை ஷிப்ட் உட்கார்ந்து இடுப்பு ஒடிந்தவர்களிடம், வேறொரு கம்பெனியின் முதலாளி கையெழுத்துப் போடாத கதையை நான் எப்படிச் சொல்வது?

நூற்றுக்கு மூன்று வட்டிக்கு அறுபதாயிரம் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். கம்பெனிப் பணம் மார்ச் மாதம் வந்தது. ஐந்து மாத வட்டி ஒன்பதாயிரம். அந்த ஆர்டரில் கூலி, வாடகை, கரண்ட், ஊசி, எண்ணெய் எல்லாம் போக எனக்கு நின்றது ஏழாயிரத்து ஐந்நூறு. இராப்பகலாகத் தைத்ததற்குக் கையிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் போட்டேன் என்று கணக்கு முடிந்தது.

'மூன்று வட்டி' என்று சொல்லும்போது அது சின்னதாகத் தெரிகிறது. வருடத்துக்கு 36 சதவீதம் என்று சொல்லிப் பாருங்கள், நெஞ்சு அடைக்கும். நம் பக்கத்தில் வட்டியை மாதக் கணக்கில் சொல்லிச் சொல்லியே அதன் கனத்தை மறந்துவிட்டோம்.

அந்த மார்ச் மாதம் ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுதிப் பார்த்தேன். எனக்கு வர வேண்டியது ஒரு பக்கம், அதற்காக நான் கட்டிய வட்டி மறுபக்கம். அப்போதுதான் ஒன்று புரிந்தது. ஐந்து மாதமாக அந்தப் பெரிய கம்பெனிக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்திருப்பது நான். சரக்கை வாங்கியவர் அவர், அனுப்பியவர் அவர். அவருடைய முதலுக்கான வட்டியைக் கட்டியது இருபது மெஷின் வைத்திருந்த ஒருத்தி.

இதை ஏதோ மன வருத்தத்தில் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். தன் செலவைக் கீழே இருப்பவர் மேல் இறக்கி வைத்துவிட்டு மிச்சத்தை லாபம் என்று எழுதுகிற பழக்கம் நம் ஊரில் ஆழமாக ஊறியிருக்கிறது. அதற்கு என் நோட்டைவிடப் பெரிய சாட்சி நம் ஆறு.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. ஒரு பனியனைச் சாயம் போடும்போது உப்பும் சாயமும் கலந்த கழிவுநீர் வருகிறது. அதைச் சுத்தம் செய்யப் பணம் வேண்டும். அந்தப் பணத்தைப் பனியன் விலையில் யாரும் சேர்க்கவில்லை, ஆற்றில் விட்டார்கள். ஆறு அதைச் சுமந்துகொண்டு ஒரத்துப்பாளையம் அணைக்குப் போனது. 1992இல் பாசனத்துக்கென்று கட்டி முடித்த அணை சாயக் கழிவு தேங்கும் குட்டையானது. கிணறுகள் உப்பேறின. தண்ணீர் வேண்டும் என்று கேட்க வேண்டிய விவசாயிகள் இந்தத் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று போராடினார்கள், நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. அந்த மாதங்களில் என் யூனிட்டில் பாதி மெஷினுக்கு உறை போட்டு வைத்திருந்தேன். சாயம் போடாமல் துணி ஏது, துணி இல்லாமல் தையல் ஏது?

அதன்பிறகு என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் எனக்குப் பெருமை இருக்கிறது. கழிவுநீரைச் சுத்திகரித்து, உப்பைத் தனியாகப் பிரித்து, தண்ணீரைத் திரும்பவும் சாயத்துக்கே பயன்படுத்துகிற முறைக்குப் பட்டறைகள் மாறின. செலவு அதிகம். கட்டுபடியாகாது, திருப்பூரே அழிந்துவிடும் என்று அன்று மேடை போட்டுப் பேசினோம். அழியவில்லை. அந்தச் செலவு சாயக் கூலியில் சேர்ந்தது, சாயக் கூலி துணி விலையில் சேர்ந்தது. அதாவது அது எங்கே இருந்திருக்க வேண்டுமோ அங்கே போய் உட்கார்ந்தது. இருபது வருடத்துக்கு முன்பே உட்கார்ந்திருந்தால் அந்தக் கிணறுகள் பிழைத்திருக்கும்.

கூலிப் பாக்கியும் கழிவுநீர் மாதிரிதான். மேலே இருப்பவருக்கு அது கண்ணில் படுவதே இல்லை.

ஏற்றுமதியாளர்கள் சங்கடமும் எனக்குத் தெரியும். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் அறுபது நாள், தொண்ணூறு நாள் என்று இழுக்கிறார். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, முடித்து வைத்த ஆர்டருக்குத் தள்ளுபடி கேட்ட பையர்களையும் பார்த்தோம். ஆனால் உங்களுக்கு வங்கி, சரக்கு அனுப்பும் முன்பே தரும் ஏற்றுமதிக் கடனான பேக்கிங் கிரெடிட் கொடுக்கிறது. எனக்குக் கொடுப்பது வட்டிக்கடைக்காரர். அதே பாரத்தை உங்களைவிட மூன்று நான்கு மடங்கு வட்டியில் சுமக்கச் சொல்லி என் தலையில் வைக்கிறீர்கள். அதைவிடக் கொடுமை, பில் போட்டுவிட்டால் உங்கள் பணம் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் நான் ஜிஎஸ்டி கட்டியாக வேண்டும். அரசாங்கத்துக்கு என்னிடம் தேதி இருக்கிறது. உங்களிடம் எனக்குத் தேதி இல்லை.

சட்டத்தில் தேதி இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் சொல்கிறது: எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது, ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. 2024 ஏப்ரல் 1 முதல் வருமான வரியிலும் ஒரு பிடி வந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குச் சேர வேண்டியதைக் கெடுவுக்குள் கொடுக்காவிட்டால், எந்த ஆண்டில் கொடுக்கிறாரோ அந்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். நம்மில் எத்தனை பேர் சிறுதொழிலுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு செய்திருக்கிறோம்? அந்த எண்ணைப் பில்லில் அச்சடித்திருக்கிறோம்? கை தூக்கச் சொன்னால் சங்கடமாகிவிடும், சொல்லவில்லை.

எதிர்த்துப் புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது என்பது உண்மைதான். அதனால்தான் இது சட்டத்தோடு முடிகிற காரியம் இல்லை என்கிறேன்.

தொழில்நுட்பத்துக்கு வருகிறேன். 1932இல் பைக்காரா மின்சாரம் வந்ததும் கோவை மில் ஊராக மாறியது. 1937இல் ஜி.டி.நாயுடு மோட்டார் செய்து காட்டினார். 1955இல் கோவையில்தான் மாவரைக்கும் கிரைண்டர் பிறந்தது. நம் பெண்களின் கைக்கு ஆட்டுக்கல்லிலிருந்து கிடைத்த விடுதலை அது. எந்த மெஷின் வந்தாலும் பிரித்து மாட்டிப் பார்க்காமல் விடமாட்டோம். அதே ஆர்வத்தோடு 2016க்குப் பிறகு யுபிஐயையும் எடுத்துக்கொண்டோம். இளநீர்க்காரர் அட்டை மாட்டியிருக்கிறார். இருபது ரூபாய் ஒரு நொடியில் போகிறது.

முன்பெல்லாம் பணம் தாமதமாவதற்குக் காரணம் சொல்ல வழி இருந்தது. செக் கிளியர் ஆகவில்லை, வங்கி விடுமுறை, முதலாளி பம்பாய் போயிருக்கிறார். இன்று முதலாளி எந்த ஊரில் இருந்தாலும் போன் அவர் சட்டைப் பையில் இருக்கிறது. வழி திறந்த பிறகும் பணம் நகரவில்லை என்றால், தடுத்து வைத்திருப்பது ஒரு மனிதரின் விருப்பம். அதற்கு இனி வேறு பெயர் கொடுக்க முடியாது. ஒரு நொடியில் அனுப்பக்கூடியதை நூற்றிருபதாம் நாள் அனுப்புகிறவர், நூற்றுப் பத்தொன்பது நாளும் தினமும் ஒரு முடிவு எடுக்கிறார்.

அதே போன் நம்மை ஏமாற்றவும் வருகிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் பாதிதான் பேசியவளாவேன். ஆனால் ஏமாறுவதற்கு நமக்குப் போன் தேவைப்படவில்லை. பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்த்தோமே, நினைவிருக்கிறதா? ஒன்றரை லட்சம் கட்டினால் குஞ்சு, கொட்டகை, தீவனம் எல்லாம் கம்பெனிக்காரர்களே தருவார்கள், மாதாமாதம் பணமும் வரும். 2012இல் எல்லாம் கவிழ்ந்தது. பட்டினியில் கிடந்த பறவைகளுக்குக் கால்நடைத் துறை தீவனம் போட்டது. அந்த இறைச்சியை யார் வாங்கித் தின்கிறார்கள் என்று, மாட்டுக்குப் பல்லைப் பார்த்து விலை பேசுகிற நாம் ஒருவரும் கேட்கவில்லை. இதே திருப்பூரில் அந்நியச் செலாவணி என்று சொல்லிப் பணம் திரட்டிய வழக்கில், 2022இல் கோவை சிறப்பு நீதிமன்றம் இருவருக்கு 27 ஆண்டு சிறை விதித்தது. தண்டனை வந்தது சரி. பணம் போட்டவர்கள் தீர்ப்புக்குக் காத்திருந்த பதின்மூன்று வருடம் போனது போனதுதான்.

ஈமுவில் நான் பணம் போட்டேன். அது என் பாடு. ஆனால் என்னிடம் கைமடிக்கும் வேலை செய்த ஒருத்தி, "அக்கா, நீங்களே போட்டிருக்கிறீர்கள், நானும் போடட்டுமா?" என்று கேட்டாள். "போடு கண்ணு, ஒன்றும் ஆகாது" என்றேன். அவள் அம்மிச்சியின் நகையை அடகு வைத்து ஒன்றரை லட்சம் கட்டினாள். இரண்டே மாதத்தில் கம்பெனிக் கதவு பூட்டியது.

சட்டப்படி நான் குற்றவாளி இல்லை. ஒரு பைசா கமிஷன் வாங்கவில்லை. என் வீட்டில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. அவள் அந்தக் கம்பெனியை நம்பவில்லை, என் வாயைத்தான் நம்பினாள். மாதம் மூவாயிரம் வீதம் ஐம்பது மாதம் கொடுத்துத் தீர்த்தேன். முதல் மாதம் அவள் வாங்க மறுத்தாள். மிஷின் மேல் வைத்துவிட்டு வந்தேன். இதை நான் ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், வாட்ஸாப்பில் வருகிற ஒவ்வொரு முதலீட்டுத் திட்டத்தையும் 'நல்லதாகத் தெரிகிறது' என்று சொந்தக்காரர்களுக்கு அனுப்புகிறோம். அனுப்புகிற விரலுக்கு ஒரு பொறுப்பு உண்டு. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்; எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு. வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைக்காதீர்கள்.

இவ்வளவும் பேசிவிட்டு என் பக்கத்தை மறைத்தால் அது நியாயம் இல்லை. எனக்கு அயர்ன் செய்து கொடுத்த ஒரு பெரியவருக்கு நானே இரண்டு மாதம் பாக்கி வைத்திருந்தேன். "எனக்கே வரவில்லை, உங்களுக்கு எங்கே கொடுப்பது?" என்று கேட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் போனார். அவர் படியிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்தத் தீபாவளிக் கணக்காளரின் குரல்தான் என் வாயிலிருந்து வந்திருக்கிறது என்று உறைத்தது. எனக்கு மேலே இருப்பவர் செய்வதை நான் நிறுத்த முடியாது. எனக்குக் கீழே அது போகாமல் நிறுத்த முடியும். அன்றிலிருந்து அயர்ன், செக்கிங், எலாஸ்டிக் கொடுப்பவர், வண்டிக்காரர் எல்லோருக்கும் பதினைந்து நாள். அதற்காக ஒரு மெஷின் வாங்குவதைத் தள்ளிப் போட்டேன், நகையை இரண்டு முறை வங்கியில் வைத்தேன்.

பணம் வர வேண்டிய நாளைப் பில்லிலேயே போட்டுக் கொடுங்கள் என்று சொல்லிப் பேசி முடிக்கும்போது பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி எழுந்தார். "அக்கா, பில்லில் தேதி போட்டுக் கொடுத்தால் ஆர்டர் போய்விடுமே?" என்று கேட்டார்.

போகும், தம்பி. எனக்கு இரண்டு கம்பெனி போனது. அதில் ஒன்று என் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஆறு மாதம் கஷ்டப்பட்டேன். மூன்றாவது கம்பெனியில் என் பில்லைப் பார்த்த கணக்காளர் அம்மா, 'பணம் வர வேண்டிய நாள்' என்று நான் அடிக்கோடு போட்டிருந்த இடத்தைக் காட்டி, "எங்கள் கம்ப்யூட்டரில் இதைப் பதிவதற்குக் கட்டமே இல்லையே" என்றார். "அப்படியானால் நோட்டில் எழுதி வையுங்கள், அம்மா" என்றேன். என் எதிரிலேயே எழுதினார். அந்தப் பில்லுக்கு முப்பத்தெட்டாம் நாள் பணம் வந்தது.